கடைசி ஒரு சுற்று

1980-களில் தாம்பரத்தை அடுத்த எங்கள் இரும்புலியூரில் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டால் வாயால் பதில் வராது. குடோன் கதவைத் திறந்து காட்டுவார். கூரை வரை சாக்கு மூட்டைகள். உள்ளே பிரஸ்ஸில் அடித்த பிராக்கெட்டும் வாஷரும் கிளாம்பும். அந்தக் குவியல்தான் அவருக்கு மரியாதை. பேங்க் மேனேஜர் வந்தாலும் அதைத்தான் காட்டுவார். இன்றைக்கு ஒரகடத்திலோ மறைமலை நகரிலோ ஒரு தொழிற்சாலைக்குள் போனால் காலி இடத்தைப் பெருமையாகக் காட்டுகிறார்கள். தரையில் மஞ்சள் கோட்டில் ஒரு கட்டம், அதற்குள் இரண்டு ட்ரே. மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் சூப்பர்வைசர் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் குடோனுக்கும் இந்தக் கட்டத்துக்கும் நடுவில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று.

கிண்டி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு 1984-இல் ரயில்வே லைனை ஒட்டியிருந்த ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தேன். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்ததும் அந்த வருஷம்தான். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 காரை வெளியிட்டார்கள். 1988-இல் உற்பத்தியே நின்றுபோனது. ஹெரால்டு கார் செய்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. கேட் மூடிய பிறகு அங்கே வேலை பார்த்த நல்ல டர்னர்களும் டூல் ரூம் ஆட்களும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு வந்தார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அன்று பஞ்சமே இல்லை. அந்தத் தொழிலை அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை.

எங்கள் ஷாப்பில் டை செட்டர் ஒருவர் இருந்தார். மேஸ்திரி என்போம். 100 டன் பவர் பிரஸ்ஸில் டையை, அதாவது தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கிற அச்சை, மாற்றுவது அவர் ஒருவருக்குத்தான் கைவந்தது. செயின் பிளாக்கில் பழைய டையைத் தூக்கி இறக்க நாலு பேர். புது டை எந்த மூலையில் கிடக்கிறது என்று தேட ஒருவர். போல்ட் ஒரு அளவு, நட் ஒரு அளவு, ஸ்பேனர் வேறு யார் கையிலோ. டைக்கு டை உயரம் வேறு. அடியில் வைக்கிற பேக்கிங் கட்டைகளைத் தேடி எடுத்து, தட்டி, நகர்த்தி, ஒரு அடி அடித்துப் பார்த்து, ஷிம் தகடு சொருகி, மறுபடி அடித்துப் பார்த்து, காலையில் ஆரம்பித்த வேலையில் மதியச் சாப்பாட்டுக்கு முன் முதல் நல்ல பீஸ் விழுந்தால் அது நல்ல நாள். அவ்வளவு பாடுபட்டு மாட்டிய டையை 200 பீஸ் அடித்துவிட்டுக் கழற்ற யாருக்கு மனசு வரும்? மாசத்துக்குத் தேவையானதையும் அதற்கு மேலும் ஒரே மூச்சில் அடிப்போம். குடோன் நிறைந்தது அப்படித்தான்.

அதை முட்டாள்தனம் என்று இன்றைய பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. இரும்புத் தகட்டின் விலையையும் விநியோகத்தையும் அரசாங்கம் பிடித்துவைத்திருந்த காலம் அது; 1992 ஜனவரியில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. தகடு கிடைக்கும்போது வாங்கிப் போட வேண்டும், கரண்ட் இருக்கும்போது அடித்துப் போட வேண்டும். ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் கண்ணெதிரே இருந்தது. ஐப்பசி மழையில் அடிமூட்டை துருப்பிடிக்கும். டிராயிங்கில் ஒரு துளையின் இடம் மாறினால் அத்தனை மூட்டையும் காயலான் கடைக்குப் போகும். டை ஓரம் மழுங்கிப் பர் என்கிற பிசிறு விழ ஆரம்பித்தது மாசக் கடைசியில்தான் தெரியும். அதற்குள் ஆயிரக்கணக்கில் அடித்திருப்போம்.

கற்றுக்கொண்டது எப்படி என்று கேட்டால், யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. புதுப் பையன் டையைத் துடைப்பான், காட்டன் வேஸ்ட் கொண்டுவருவான், டீ வாங்கிவருவான். மேஸ்திரி கை போகிற பக்கம் கண் போக வேண்டும். கேள்வி கேட்டால், "பாத்துக்கடா" என்பார். அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். அந்த வித்தை ஒன்றுதான் அவருக்குக் காப்பு. எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் நாளைக்குத் தன்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு, பள்ளிக்கூடம் போகாத அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பிரஸ் அடிக்கிற சத்தத்தில் ஒரு வித்தியாசம் வந்தால், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போதே, "எடது பக்கம் கிளாம்ப் லூசு" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தக் காதுக்கு முதலாளி தனியாக ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மாற்றம் வடக்கிலிருந்து மெல்ல இறங்கி வந்தது. 1983 டிசம்பரில் குர்கானில் மாருதியின் முதல் கார் வந்தபோதே, அதற்கு உதிரிபாகம் கொடுத்த சென்னைக் கம்பெனிகளுக்கு ஜப்பான்காரர் கேட்கிற கணக்கு என்னவென்று புரிந்துவிட்டது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. 1998-இல் சான்ட்ரோ வந்தது. 1999-இல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான். அதே 1998-இல் பாடியிலிருந்த சுந்தரம் கிளேட்டன், இந்தியாவில் முதல் கம்பெனியாக, தரத்துக்கு ஜப்பானில் தருகிற டெமிங் பரிசு வாங்கியது. பிறகு வரிசையாக 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் டி.வி.எஸ். மோட்டார், 2003-இல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-இல் லூகாஸ் டி.வி.எஸ். யோஷிகாசு சுடா போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் தொழிற்சாலைத் தளத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பாடம் அது. பாடியிலும் அம்பத்தூரிலும் பெரியவர்கள் கற்றுக்கொண்டதும், அவர்களுக்குச் சாமான் கொடுக்கிற எங்களைப் போன்றவர்களிடம் கடிதம் வந்தது. இனி மாசம் ஒரு லோடு வேண்டாம்; தினம் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தாலும் கூடினாலும் திருப்பி அனுப்புவோம்.

தினம் கொஞ்சம் கொஞ்சமாக! டை மாற்றவே அரை நாள் ஆகிற இடத்தில். முதலாளி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடோனுக்கும் ஆபீசுக்குமாக நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

சாமான் வாங்குகிற கம்பெனியே எங்களுக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு பேரை அனுப்பியது. வகுப்பு நடத்துவார்கள் என்று ஆபீசில் நாற்காலி போட்டு, கரும்பலகை துடைத்து வைத்தோம். வந்தவரில் மூத்தவர் உட்காரவே இல்லை. பிரஸ்ஸுக்கு எதிரே தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு எங்களில் நாலைந்து பேரை அதற்குள் நிற்க வைத்தார். "மேஸ்திரி டை மாத்தறதைப் பாருங்க. உதவி பண்ணக் கூடாது. பாக்கறதை மட்டும் எழுதுங்க." டயிச்சி ஓனோ டொயோட்டாவில் தன் ஆட்களை இப்படி வட்டத்துக்குள் மணிக்கணக்கில் நிற்க வைத்தவர் என்று வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

பழகிப்போன கண்ணுக்குப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. எழுதியதைப் பிறகு பிரித்தோம். மேஸ்திரியின் கை உண்மையிலேயே டையின் மேல் இருந்த நேரம் ஒரு பக்கம். நடந்தது, தேடியது, ஆள் வரக் காத்திருந்தது, போல்ட் சேராமல் வேறு போல்ட்டுக்குப் போனது மறு பக்கம். இரண்டாவது பக்கம்தான் பக்கம் பக்கமாக நீண்டது. மேஸ்திரிக்குக் கோபம். "இன்னா எழுதறீங்க? நான் சும்மா நிக்கறேன்னா?" பயிற்சி கொடுக்க வந்தவர் தாளை அவரிடமே நீட்டினார். "உங்களை எழுதலைங்க ஐயா. கேட்ட நேரத்துல உங்க கையில ஸ்பேனர் கொடுக்காத எங்களை எழுதியிருக்கோம்."

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியைத்தான் நான் வாழ்நாளில் கேட்ட நல்ல கேள்விகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன். "ஐயா, இந்த போல்ட்டை எத்தனை சுத்து சுத்தறீங்க?"

மேஸ்திரி கையை மனசுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு இருக்கும்" என்றார்.

"அதுல டையைப் பிடிக்கிறது எந்தச் சுத்து?"

"கடைசி ஒரு சுத்துதான் சார் பிடிக்கும். மத்ததெல்லாம் சும்மா."

வந்தவர் சிரித்தே விட்டார், அவ்வளவு சந்தோஷம். ஷிகியோ ஷிங்கோ தன் புத்தகத்தில் எழுதியிருப்பதும் இதையேதான்: போல்ட் இறுகுவது கடைசித் திருகில், முந்திய சுற்றெல்லாம் வீண். 1969-இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற 4 மணி நேரம் ஆனதை, முதலில் ஒன்றரை மணியாக்கி, பிறகு 3 நிமிடமாக்கியவர் அவர். பிரஸ் நின்றிருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அவர் வழியின் உயிர். எங்கள் மேஸ்திரி அவரைப் படித்தவரில்லை. கேள்வி கேட்டதும் பதில் தயாராக இருந்தது. அத்தனை வருஷமாகக் கேள்விதான் வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் கைவேலை. டைகளின் அடியில் தகடு பற்றவைத்து எல்லாவற்றின் உயரத்தையும் ஒன்றாக்கினோம். டைக்கு டை பிரஸ்ஸின் ஷட் ஹைட்டை மாற்றுகிற வேலை போயிற்று. கிளாம்ப் போல்ட் எல்லாம் ஒரே தலை, ஒரே ஸ்பேனர். துளைக்குப் பதில் பக்கத்திலிருந்து சொருகுகிற வாய் வெட்டினோம். முழுக்கக் கழற்றத் தேவையில்லை, ஒரு சுற்று தளர்த்தினால் போதும். பிரஸ் மேடையின் உயரத்துக்கே உருளை வைத்த டிராலி ஒன்று செய்தோம். அடுத்த டை அதில் முன்கூட்டியே வந்து நிற்கும். ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் வரைந்து வைத்தோம். இல்லாதது உடனே கண்ணில் படும். எந்த டைக்கு எத்தனை ஷிம், எந்தப் பக்கம் என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தத் தாளின் அடியில் அவருடைய பெயர். சில மாசங்களில், 3 மணி நேரத்துக்குக் குறையாமல் போன வேலை அரை மணிக்குள் முடிந்தது. லாட் சின்னதாயிற்று. பர் விழுந்தால் அன்றைக்கே தெரிந்தது. காலியான குடோனில் இன்னொரு பிரஸ் வந்து நின்றது.

ஆனால் இதெல்லாம் நடக்கும் முன்னால் ஒன்று நடந்தது. அது நடக்காவிட்டால் எதுவுமே நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். மேஸ்திரி பேச மறுத்த ஒரு சாயங்காலம், முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, இந்த வேலையால் மிச்சமாகிற நேரத்துக்காக ஒருவரையும் நிறுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மறுநாள் காலையில் மேஸ்திரி தன் ஹார்லிக்ஸ் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். அவர் வருஷக்கணக்காக அறுத்து, தேய்த்து, பத்திரமாக வைத்திருந்த ஷிம் தகடுகள். கடைசி வரை அந்த வாக்கை முதலாளி காப்பாற்றினார். பக்கத்து யூனிட்டுகளுக்குக் கற்றுக்கொடுக்க மேஸ்திரியையே அனுப்பவும் செய்தார்.

டொயோட்டாவின் கதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பயிற்சி வகுப்புகளில் இதை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 1950-இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். பலர் வேலையைவிட்டுப் போனார்கள். நிறுவனர் கிச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். மிஞ்சிய தொழிலாளிகளுக்கு வேலை உறுதி என்ற உடன்பாடு வந்தது. ஓய்வு வரை கூடவே இருக்கப்போகிற ஆள் என்றான பிறகுதான், அந்த ஆளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவரிடமிருந்து கற்றுக்கொள்வதும் லாபமாயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்கா தன் தொழிற்சாலைகளுக்காக உருவாக்கிய டி.டபிள்யூ.ஐ. பயிற்சி முறையையும் ஜப்பான் அந்தக் காலத்தில்தான் இறுகப் பிடித்துக்கொண்டது: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யச் சொல்லிப் பார், பிறகும் போய் விசாரி. 1988-இல் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் டொயோட்டாவின் இந்த உற்பத்தி முறைக்கு லீன் என்று பெயர் வைத்து எழுதும் முன்பே, அது வேலை நிலைத்த மனிதர்களின் முறையாக வேரூன்றியிருந்தது.

இன்றைக்கு வருகிறேன். எங்கள் ஷாப் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. மதுரவாயல் பைபாஸ் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையோடு சேர்ந்த பிறகு மனையின் விலை பிரஸ் சம்பாதிப்பதைத் தாண்டிவிட்டது. முதலாளியின் பிள்ளைகள் விற்றார்கள். ஊர் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. விடியும் முன்பே ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு இளைஞர்கள் வரிசையாக நிற்கிறார்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு. என் வீட்டு மாடியிலும் அப்படி நாலு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் டிப்ளமோ மெக்கானிக்கல். ராத்திரி ஷிஃப்ட் இல்லாத நாளில் கீழே வந்து உட்கார்ந்து பேசுவான்.

அவன் கம்பெனியில் சேர்ந்ததும் முதலில் டோஜோவில் விட்டார்களாம். அசல் லைனைப் போலவே அமைத்த பயிற்சிக்கூடம். பலகையில் வரிசையாக நட் முடுக்கும் பயிற்சி, ஸ்டாப்வாட்ச் ஓட. கிளவுஸ் போட்ட கையால் பார்க்காமலே ட்ரேயிலிருந்து சரியான எண்ணிக்கை ஸ்குரூ எடுக்கும் பயிற்சி. கனெக்டர் பூட்டிக்கொள்ளும் சத்தத்தைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பயிற்சி. கெட்ட பீஸ்களை வகைவகையாக மாட்டிய பலகை. கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் மேஸ்திரிக்கு இருபது வருஷத்தில் வந்த காதை, முறையாக, பயமில்லாமல், ஒருவரும் அதட்டாமல் ஒரு வாரத்தில் தொடங்கி வைக்கிறார்கள். இது பெரிய காரியம். டீ வாங்க ஓடி, திட்டு வாங்கிக் கற்ற என் தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை.

அவனும் கெட்டிக்காரன். ட்ரேயை வைக்கும் தாங்கியைக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தினால் ஆபரேட்டர் குனிய வேண்டியதில்லை என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறான். செய்து பார்த்தார்கள், பிடித்துவிட்டது. கைசன் என்கிற சின்னச் சின்ன மேம்பாடுகளுக்கான போர்டில் முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள் இருக்கின்றனவாம்.

"உன் பேரு போட்டிருக்கா தம்பி?"

"லைன் பேரு போட்டிருக்கு ஐயா. நாங்க டிரெய்னிதான."

வருகிற ஆடியோடு அவனுடைய ஒரு வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் இடமில்லை. அடுத்த பேட்ச் வந்துவிடும். இப்படி எடுப்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. 1961-இன் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2013-இல் வந்த நீம் என்ற திட்டமும் முன்பு இருந்தது. தொழில் கற்றுக்கொடுப்பதற்காக வந்த ஏற்பாடுகள் இவை. கம்பெனிகளின் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஆர்டர் ஏறும், இறங்கும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலை நகரில் நிரந்தர வேலையில் இருந்தவர்களின் வீடுகளிலும் இடி விழுந்தது. நிரந்தரம் என்று ஒன்றை வாக்குக் கொடுக்க இன்று யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒருவரும் கேள்வி கேட்காத காலத்தில் மனிதர்கள் முப்பது வருஷம் ஒரே மெஷினில் நின்றார்கள். கேட்பதற்குப் படிவமும் போர்டும் மாதக் கூட்டமும் வந்துவிட்ட காலத்தில், பதில் சொல்லும் பக்குவம் வருகிற நேரத்தில் ஆளை அனுப்பிவிடுகிறோம். ஓனோ வீண் என்று வகுத்தவை ஏழு: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தூக்கிச் சுமப்பது, அதிகப்படி வேலை, இருப்பு, அசைவு, பழுது. பின்னால் வந்தவர்கள் எட்டாவதாக மனிதரின் அறிவைப் பயன்படுத்தாமல் விடுவதையும் சேர்த்தார்கள். டோஜோ சுவரில் எட்டும் ஒட்டியிருக்கிறது என்று பையன் சொன்னான். எட்டாவதைச் சுவரில் ஒட்டிவிட்டு வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் அதை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்புவதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு சின்ன யூனிட்டுகளுக்குப் போய்க் கற்றுக்கொடுக்கிறேன். அங்கேதான் இன்னும் வழி இருக்கிறது. மத்திய அரசின் சிறு தொழில் அமைச்சகம் 2009-இல் லீன் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. பத்துப் பத்து யூனிட்டாகச் சேர்த்து ஆலோசகரைக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அதைப் புதுப்பித்து, அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகளாக்கி, ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. காசு இனி தடையில்லை. கிண்டியிலும் பெருங்குடியிலும் திருமுடிவாக்கத்திலும் சர்டிஃபிகேட்டுக்காகக் கேட்கிறவர்கள் உண்டு. தரைக்குப் பெயின்ட் அடித்து, போர்டு மாட்டி, போட்டோ எடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் இரண்டு நிபந்தனை வைக்கிறேன். பயிற்சி தொடங்கும் முன்னால் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, இதனால் ஒருவர் வேலையும் போகாது என்று வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு யோசனைத் தாளிலும் யோசித்தவரின் பெயர் இருக்க வேண்டும். அதன் நகலில் கம்பெனி முத்திரை வைத்து அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். டிரெய்னியாக இருந்தாலும், ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையனாக இருந்தாலும். நாளைக்கு வேறு ஊரில், வேறு கேட்டில் நிற்கும்போது, தனக்கு யோசிக்கத் தெரியும் என்று காட்ட அவனிடம் ஒரு தாளாவது இருக்கட்டும்.

பெரும்பாலும் முதல் நிபந்தனையிலேயே பேச்சு முடிந்துவிடும். சென்ற மாதம் திருமுடிவாக்கத்தில் ஒருவர் இரண்டுக்கும் சரி என்றார். அவருடைய ஷாப்பிலும் 100 டன் பிரஸ் ஓடுகிறது; டை மாற்றிவருகிறவர் அங்கே பதினெட்டு வருஷமாக இருக்கிறாராம். அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மாடிப் பையனையும் அவனுடைய லீவு நாளில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஸ்டாப்வாட்ச் அவன் பிடிப்பான், தாளில் நான் எழுதுவேன்.